பிக்கப் வண்டிக்குக் குட்டை கியர் லீவர்: மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கீரை, கத்தரி, வெண்டை பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் விளைபொருளைச் சொந்த பிக்கப் வண்டியிலோ, நாலைந்து பேர் சேர்ந்து அமர்த்திய வண்டியிலோ சென்னைக்குக் கொண்டுவருகின்றனர். விடியுமுன் புறப்படும் வண்டி ஜி.எஸ்.டி. சாலை வழியாகக் கிண்டி, சைதாப்பேட்டையைக் கடந்து அண்ணா சாலையில் தேனாம்பேட்டையை அடைகிறது. அங்கும், அடுத்துள்ள மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளிலும் கடை கடையாகச் சரக்கை இறக்கி முடிப்பதற்குள் நெரிசல் தொடங்கிவிடுகிறது. கீரை வாடினால் விலையும் வாடிவிடும்.

சிக்னலில் நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறைந்தது 3 தடவை கியர் போட வேண்டும். வழியில் 20 இடங்களில் நின்றால் 60 தடவை ஆகிறது. கியர் லீவர் நீளமாக ஆடி, விழ வேண்டிய கியர் விழாமல் போனால் ஓட்டுபவரின் கை ஓய்ந்துவிடும். சுமையோடு மேம்பாலம் ஏறும்போது கியர் விழாவிட்டால் வண்டி பின்னோக்கி உருளவும் கூடும். இதற்கு மருந்தாகக் கடைகளில் கிடைக்கும் 'குட்டை லீவர்' சிபாரிசு செய்யப்படுகிறது. இதை வாங்கும் முன் சில விவரங்களை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

குட்டை லீவர் வேலை செய்யும் விதம்

கியர் லீவர் ஒரு நெம்புகோல். கடப்பாரையால் பாறையைப் புரட்டுவது போன்றதுதான் இதுவும். கடப்பாரையை நுனியில் பிடித்தால் கை அதிக தூரம் போகும். பலம் குறைவாகப் போதும். நடுவில் பிடித்தால் கை குறைந்த தூரமே போகும். ஆனால் அதிகமாக அழுத்த வேண்டும்.

ஒரு வண்டியில் லீவரின் முட்டுப் புள்ளிக்கு மேலே 30 செ.மீ., கீழே 5 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். அடியில் 1 செ.மீ. நகர மேலே கை 6 செ.மீ. போக வேண்டும். மேல் பகுதியை 24 செ.மீ. ஆகக் குறைத்தால் கை போகும் தூரம் 4.8 செ.மீ. ஆகிறது. தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் முன்பு 4 கிலோ அழுத்தம் போதுமாக இருந்த இடத்தில் இனி 5 கிலோ வேண்டும். மேல் பகுதியைக் குறைக்காமல் கீழ்ப் பகுதியை நீட்டினாலும் பலன் இதேதான். தூரத்தைக் கொடுத்து அழுத்தத்தை வாங்குகிறோம். இரண்டிலும் லாபம் பெற வழியில்லை.

கியர் பாக்ஸின் உள்ளே எந்த மாறுதலும் ஏற்படுவதில்லை. பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி இணைக்கும் சிங்க்ரோ வளையம் தன் வேலைக்கு வேண்டிய நேரத்தை எடுத்தே தீரும். லீவர் குட்டையானதென்று வேகமாக இழுத்தால் வளையம் விரைவில் தேயும். வளையம் மாற்ற கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும். அந்தச் செலவு லீவரின் விலையைப் போல் பல மடங்கு.

லீவரை மாற்றுவது நமக்குப் புதிதன்று. அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் நெடுங்காலம் ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியரை 'ஃப்ளோர் கியர்' ஆக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கியர் மாற்றிகள் 1960-களில் பந்தயக்காரர்களிடம் பெயர் பெற்றன. பந்தயத்தில் அரை நொடியும் பணம். ஆனால் கீரை ஏற்றிய வண்டிக்கு அந்த அரை நொடியால் லாபம் இல்லை.

லீவர் ஏன் நீளமாக ஆடுகிறது?

புதிதில் நன்றாக இருந்த லீவர் நாளடைவில் தளர்ந்து ஆடினால் அதன் நீளத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. முட்டுப் புள்ளியிலும் இணைப்புகளிலும் உள்ள நைலான் அல்லது ரப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கும். மேலே சொன்ன வண்டியில் அடியில் 3 மி.மீ. தளர்வு இருந்தால் கைப்பிடியில் அது 18 மி.மீ. ஆகத் தெரியும். குட்டை லீவர் போட்டாலும் அந்தத் தளர்வு நீங்காது.

குட்டை லீவர் வாங்கியவர்கள் 'கியர் கச்சிதமாக விழுகிறது' என்று பாராட்டுவதன் காரணமும் பல சமயம் இதுவே. லீவரோடு புதிய புஷ்களும் சேர்த்துப் போடப்படுகின்றன. பலன் புஷ்ஷினுடையது, பெயர் லீவருக்குப் போகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கவும். பின்னர் கீழ்க்கண்டவாறு சோதிக்கவும்:

1. என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியர்களையும் போட்டுப் பார்க்கவும். இப்போது எளிதாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் கடினமாக இருந்தால் கிளட்சில் கோளாறு உள்ளது என்று அறியலாம்.

2. என்ஜின் மெதுவாக ஓடுகையில் கிளட்சை முழுவதும் மிதித்து, 4 நொடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போடவும். கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை.

3. என்ஜின் நின்றிருக்கும்போது கியரில் போட்டு லீவரை இலேசாக ஆட்டவும். லீவர் ஆடியும் அடியில் உள்ள கம்பியோ கேபிளோ அசையாவிட்டால் புஷ் தேய்ந்துள்ளது.

4. காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு மட்டும் கியர் கடினமாக இருந்தால் ஆயிலைக் கவனிக்க வேண்டும்.

கிளட்ச் பெடலின் விளையாட்டைச் சரிசெய்தல், புஷ் மாற்றுதல், கேபிளை முறைப்படுத்துதல், கியர் ஆயில் மாற்றுதல் ஆகியவை பெரும்பாலும் கியர் பாக்ஸைக் கழற்றாமலே முடிகின்றன. வண்டியின் கையேட்டில் குறித்த தரத்து ஆயிலையே ஊற்ற வேண்டும். ஜி.எல். 4 கேட்கும் கியர் பாக்ஸில் பின் அச்சுக்குரிய ஜி.எல். 5 ஆயிலை ஊற்றினால் பித்தளை வளையங்கள் பாதிக்கப்படலாம்.

மாற்றத்தான் வேண்டுமானால்

மேற்கண்டவற்றைச் சரிசெய்த பின்னும் லீவர் கைக்கு எட்டவில்லை, முழங்காலில் இடிக்கிறது என்ற நிலை இருந்தால் குட்டை லீவர் போடலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

• சுமை வண்டிக்குத் தூரத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல் இருப்பது நலம்.

• தேனாம்பேட்டையிலிருந்து அதே அண்ணா சாலையில் மேலே சென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைகள் உள்ளன. புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். வண்டியின் மாடல், தயாரித்த ஆண்டு ஆகியவற்றைச் சொல்லி, அதற்கென்றே செய்த பாகத்தை ரசீதுடன் வாங்கவும்.

• உள்ள லீவரையே அறுத்து வெல்டிங் வைப்பது கூடாது. சூட்டில் நைலான் புஷ் உருகும். வெல்டிங் விட்டுப்போனால் ஓடும் வண்டியில் லீவர் கையோடு வந்துவிடும்.

• ரிவர்ஸ் உட்பட ஒவ்வொரு கியரும் முழுவதும் விழுகிறதா என்று பார்க்கவும். லீவர் தரைத் தகட்டில் முட்டி நின்றால் கியர் பாதியில் நிற்கும்; சுமை இழுக்கும்போது தானே நழுவும்; பற்களும் தேயும்.

• ரப்பர் உறையைத் திரும்ப இறுக்கமாகப் பொருத்த வேண்டும். இல்லையேல் வயல் புழுதியும் மழைநீரும் உள்ளே இறங்கும்.

• முதல் இரண்டு நாள் காலி வண்டியாக ஓட்டிப் பார்த்த பின்னரே சுமை ஏற்றவும். கழற்றிய பழைய லீவரைப் பத்திரப்படுத்தவும்.

வாரண்டி முடியாத வண்டியானால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. லீவர் சிறு பாகம்தான் என்றாலும், அதைச் சாக்கிட்டு வேறு மாற்றங்களைச் செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

பயிர் வாடினால் முதலில் வேரைப் பார்ப்பவர் விவசாயி. வண்டிக்கும் அதே முறை பொருந்தும். புஷ், கிளட்ச், ஆயில் மூன்றையும் முதலில் பார்த்துச் சீர்செய்தால், பல வண்டிகளில் புது லீவருக்கான பணம் மிச்சமாகும். சரக்கும் வாடுமுன் கடை சேரும்.