கராபாக் பூசலின் வரலாற்று வேர்கள்

இரு நாடுகள் போரிட்டுக்கொள்ளும்போது, "அவர்கள் பரம்பரைப் பகைவர்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. முன்பு சோவியத் யூனியனில் ஒன்றாக இருந்த ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் கராபாக் மலைநாட்டிற்காக இருமுறை பெரும்போர் புரிந்தன. அப்பகை உண்மையிலேயே பரம்பரைப் பகைதானா? அதனை இக்கட்டுரையில் காண்போம்.

நிலமும் மக்களும்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே, காகசஸ் பகுதியின் தெற்கில் அமைந்துள்ளது கராபாக். ஆர்மீனியர் கிறித்தவர், அஜர்பைஜானியர் துருக்கிய மொழி பேசுவோர், பெரும்பாலும் ஷியா முஸ்லிம்கள். மலைக் கிராமங்களில் ஆர்மீனியர் மிகுதியாக வாழ்ந்தனர். சமவெளியில் அஜர்பைஜானியர் மிகுதியாக வாழ்ந்தனர். கோடையில் சமவெளி இடையர்கள் மந்தைகளை மலைமேல் ஓட்டிச் சென்றனர். ஷூஷா நகரில் ஆர்மீனியரின் பெரிய தேவாலயமும் அஜர்பைஜானியரின் மசூதிகளும் நின்றன. இரு இனத்தாருமே அந்நகரைத் தம் பண்பாட்டின் தொட்டிலாகக் கருதினர். பூசலின் முதல் வேர் இதுதான்: வெறுப்பன்று, ஒரே மண்ணின்மீது இருவர் வைத்த பற்று.

பேரரசுகளின் ஆட்டம்

1813இல் குலிஸ்தான் உடன்படிக்கையின்படி பாரசீகம் கராபாக்கை ரஷ்யாவிடம் இழந்தது. 1828ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பாரசீகத்திலிருந்து ஆர்மீனியர் பலர் ரஷ்ய எல்லைக்குள் குடியேறினர். 1905இல் பாகு முதலிய நகரங்களில் இரு இனத்தாரிடையே கலவரம் வெடித்தது. 1915இல் தொடங்கி, துருக்கியப் பேரரசில் ஆர்மீனியர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர். அந்த அச்சம் காகசஸ் ஆர்மீனியரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1918இல் இரு நாடுகளும் விடுதலை பெற்றபோது, இரண்டுமே கராபாக்கை உரிமை கொண்டாடின. 1920 மார்ச்சில் ஷூஷாவின் ஆர்மீனியப் பகுதி தீக்கிரையானது. மக்கள் பலர் மாண்டனர்.

இரண்டு நாளில் இரண்டு முடிவு

செஞ்சேனை வந்த பிறகு, வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு கம்யூனிஸ்ட் கட்சியின் காகசஸ் குழுவிடம் சென்றது. 1921 ஜூலை 4 அன்று, கராபாக் ஆர்மீனியாவுக்கே என்று அக்குழு முடிவு செய்தது. மறுநாளே அம்முடிவை மாற்றி, விரிந்த தன்னாட்சியுடன் அஜர்பைஜானிலேயே இருக்கட்டும் என்றது. 1923இல் தன்னாட்சிப் பகுதி உருவாயிற்று. 1926 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஆர்மீனியர்.

அன்று அது ஒரே நாட்டிற்குள் இருந்த நிர்வாகக் கோடு மட்டுமே. பாகுவில் ஆர்மீனியர் வாழ்ந்தனர். ஆர்மீனியக் கிராமங்களில் அஜர்பைஜானியர் உழுதனர். ஆனால் குறைகளை வெளிப்படையாகப் பேசவோ எழுதவோ வழியில்லை. மூடிய கலத்தைச் சூடேற்றினால் உள்ளே அழுத்தம் பெருகும் என்பதை வேதியியல் மாணவர் அறிவர். எழுபது ஆண்டுகள் வெளியே அமைதி தெரிந்தது. உள்ளே அழுத்தம் பெருகிற்று.

கலம் வெடித்தது

1988 பிப்ரவரி 20 அன்று, தன்னை ஆர்மீனியாவுடன் இணைக்குமாறு கராபாக் மன்றம் வேண்டியது. சில நாட்களில் சும்கயித் நகரில் ஆர்மீனியர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஆர்மீனியாவிலிருந்த அஜர்பைஜானியர் பெரும்பாலோர் விரட்டப்பட்டனர். 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. நிர்வாகக் கோடு ஒரே நாளில் சர்வதேச எல்லையாயிற்று. 1992 பிப்ரவரியில் கோஜாலியில் அஜர்பைஜானியர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1994இல் போர் ஓய்ந்தபோது கராபாக்கும் சுற்றியுள்ள நிலங்களும் ஆர்மீனியர் வசம் இருந்தன. இலட்சக்கணக்கான அஜர்பைஜானியர் அகதிகளாயினர். 2020இல் 44 நாள் போரில் அஜர்பைஜான் வென்றது. 2023 செப்டம்பரில் முழுப் பகுதியும் அதன் கைக்கு வந்தது. சில நாட்களில் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆர்மீனியர் ஊரைத் துறந்தனர். 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் சமாதான ஒப்பந்த வரைவில் இரு அரசுகளும் சுருக்கொப்பமிட்டன.

இரு கிராமங்கள்

இவ்வரலாற்றில் பலரும் அறியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆர்மீனியாவில் கிஸில் ஷஃபாக் என்னும் அஜர்பைஜானியர் ஊரும், அஜர்பைஜானில் கெர்கெஞ்ச் என்னும் ஆர்மீனியர் ஊரும் இருந்தன. 1989இல், இனித் தத்தம் ஊரில் வாழ இயலாது என்று உணர்ந்த அவ்வூரார், தாமே பேசி ஊரையே மாற்றிக்கொண்டனர். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்று: "எங்கள் முன்னோர் கல்லறைகளை நீங்கள் காக்க வேண்டும், உங்களுடையவற்றை நாங்கள் காப்போம்." போர்களுக்கு நடுவிலும் அவ்வாக்கை இரு ஊராரும் காத்தனர்.

பரம்பரைப் பகைவர் ஒருவர் கல்லறையை மற்றவர் காப்பரோ? பேரரசுகளின் பேரம், இரண்டு நாளில் மாறிய ஒரு முடிவு, பேச விடாத ஆட்சி, பழிக்குப் பழி ஆகியவை சேர்ந்து வளர்த்ததே இப்பகை. மனிதர் வளர்த்ததை மனிதரே தணிக்கவும் கூடும். பரம்பரைப் பகை என்று நாம் சொல்லும் நாளில், அந்த வாயிலையும் அடைத்துவிடுகிறோம் என்பதை உணர்வோமாக.