மறுக்கக் கற்பிப்போம்



மது, மாமிசம், தேன் ஆகியவற்றை விலக்கிய இல்லங்களில் நம் குழந்தைகள் வளர்கின்றனர். ஆதலின், போதைத் தடுப்பு நமக்குரிய பாடமன்று என எண்ணிவிடுகிறோம்.

செங்கோட்டையில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், புகையால் கெட்ட நுரையீரலின் படத்தைக் காட்டி அதன் தீமைகளை விரித்துரைத்தோம். பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்தான். “கெடுதல் என்று தெரியும் டீச்சர். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது, கூட வரும் அண்ணன் பீடியை நீட்டினால் என்ன சொல்வது?” என்றான். நம்மிடம் விடை இல்லை.

இளம்பருவத்தில் மூளை முழு முதிர்ச்சி அடைவதில்லை. எனவே நிக்கோட்டின் எளிதில் அடிமையாக்கிவிடும். 18 வயது நிறையாதோர்க்கும், கல்விக்கூடங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நண்பனின் கையைத் தடுக்காது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்திய வாழ்க்கைத் திறன் கல்வி, மறுத்துப் பேசுவதை நடித்துப் பழகச் செய்கிறது. அதனை வீட்டிலும் செய்யலாம்.

பயிற்சி:

1. பெரியவர் ஒருவர் நண்பனாக நடித்து, “ஒரே ஒரு தடவைதானே” என வற்புறுத்த வேண்டும்.

2. பிள்ளை “எனக்கு வேண்டாம்” என்று மட்டும் கூறி, வாதிடாமல் அவ்விடம் விட்டு அகலப் பழக வேண்டும்.

3. தவறியதை ஒப்புக்கொள்ளும் பிள்ளையை அடிக்காதீர்கள், முழுவதும் கேளுங்கள். தேவையெனில் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறுங்கள்.

அன்று அம்மாணவனுக்கு நாம் அளிக்காத விடையை, இன்று உங்கள் பிள்ளைக்கு நீங்கள் அளியுங்கள்.