கல்லாய்ச் சமைந்த காடு

நுழையும்முன்

மன்னர் எழுப்பிய கோட்டைகளும் கோயில்களும் மட்டுமே மரபுச் செல்வங்கள் அல்ல. மனிதன் தோன்றுவதற்கு முன்பே இயற்கை விட்டுச்சென்ற தடயங்களும் அத்தகையனவே. அவற்றை, அவை கிடக்கும் இடத்திலேயே காக்க வேண்டியது ஏன் என்பதைத் திருவக்கரையின் கல்மரங்கள் உணர்த்துகின்றன.

செம்மண் மேட்டில் கல்மரங்கள்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்திற்குத் தெற்கே அமைந்துள்ளது திருவக்கரை. வக்கிரகாளி கோயிலால் பலரும் அறிந்த இவ்வூரின் செந்நிற மேட்டுநிலத்தில் தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. 247 ஏக்கர் பரப்புடைய இப்பூங்கா 9 பகுதிகளைக் கொண்டது. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள ஏறத்தாழ 200 அடிமரங்கள் இங்குக் கல்லாய்க் கிடக்கின்றன. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். புளிய மரத்தின் குடும்பத்தைச் சார்ந்தனவும் அவற்றுள் உண்டு. பிரெஞ்சு இயற்கை அறிஞர் சொன்னரா 1781ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பதிவு செய்துள்ளார்.

மரம் கல்லான விதம்

மண்ணுக்குள் விரைந்து புதையுண்ட மரம், காற்றுப்படாமையால் எளிதில் மட்குவதில்லை. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறிப் படிகிறது. காலப்போக்கில் மரப்பொருள் இருந்த இடத்தைக் கனிமம் பிடித்துக்கொள்கிறது. பொருள் மாறினும் வடிவம் மாறுவதில்லை. ஆதலின், மரத்தின் நார்களையும் வளையங்களையும் கல்லிலும் காண இயலும்.

இடமும் சான்றே

இம்மரங்களுக்குக் கிளை, பட்டை, வேர் ஆகியன இல்லை. யாவும் கிடைநிலையில் உள்ளன. இவை இங்கு வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளத்தால் அடித்துவரப்பட்டவை என அறிஞர் உய்த்துணர்ந்தது இதனால்தான். கல்லின் தன்மையோடு, அது கிடக்கும் இடமும் நிலையும் சான்றாகின்றன.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கல்மரக் காடு 1906ஆம் ஆண்டிலேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து கற்களை எடுத்துச்சென்ற பலர், பின்னர் மனம் வருந்தி மன்னிப்புக் கடிதத்துடன் அவற்றைத் திருப்பியனுப்பினர். எனினும், எக்கல் எவ்விடத்தது என்று அறிய வழியில்லை. எனவே, அவை பழைய இடம் சேராமல் ஓரிடத்தில் குவித்து வைக்கப்பட்டன. கல் மீண்டது, அது கூறவேண்டிய செய்தி மீளவில்லை.

நம் கடமை

திருவக்கரைப் பூங்கா, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்பில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக விளங்குகிறது. வேலியும் காவலும் ஓரளவே காக்கும். காலடியில் கிடக்கும் சிறு துண்டையும் எடுக்காமல் விட்டுவரும் பண்பே முழுமையான காவல்.

கற்பவை கற்றபின்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் திருவக்கரைக் கல்மரங்களோடு ஒப்பிட்டு எழுதுக.