லாக்-அவுட் பண்ணிட்டீங்களா? குக்கீயைப் புரிந்துகொள்வோம்

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, ஊரில் உள்ள ஒரு கணினி மையத்துக்குப் போகிறீர்கள். விண்ணப்பம் அனுப்பியாச்சு, ஒப்புகைச் சீட்டும் கைக்கு வந்தாச்சு. பிரவுசரை மூடிவிட்டுக் கிளம்புகிறீர்கள். அடுத்து அங்கே உட்காருபவர் அதே இணையதளத்தைத் திறந்தால், கடவுச்சொல் கேட்காமலேயே உங்கள் பக்கம் திறக்கக்கூடும். காரணம், குக்கீ.

குக்கீ என்றால் என்ன?

இணையதளம் உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் இல்லையா, அது மாதிரி. டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவர் கைக்குப் போய்விடும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி 1994-இல் இதை உருவாக்கினார். குக்கீ இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் மறுபடியும் லாகின் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே குக்கீ கெட்டதல்ல. அதை யார் கையில் விட்டுவிட்டு வருகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அழித்தால் மட்டும் போதுமா?

போதாது. குக்கீயை அழிப்பது, நம்மிடம் உள்ள டோக்கனைக் கிழிப்பது போல. லாக்-அவுட் செய்வது, அந்த டோக்கன் எண்ணே இனி செல்லாது என்று நோட்டில் அடிக்கச் சொல்வது போல. எனவே முதலில் லாக்-அவுட், பிறகு அழிப்பு.

இன்னொன்றும் உண்டு. போனில் அழித்த குக்கீ கணினியில் அழியாது. குரோமில் அழித்தது பயர்பாக்ஸில் அழியாது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. பொதுக் கணினியில் ‘இன்காக்னிட்டோ’ விண்டோவைத் திறந்து வேலை பாருங்கள். அந்த விண்டோக்கள் அனைத்தையும் மூடியதும் குக்கீகள் அழிந்துவிடும்.

2. ‘ரிமெம்பர் மீ’, ‘சேவ் பாஸ்வேர்டு’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. ஆண்ட்ராய்டு போனில் ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் நீக்க, குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைத் தொட்டு, ‘குக்கீஸ் அண்டு சைட் டேட்டா’வுக்குள் போய் அழிக்கலாம். ஐபோனில், செட்டிங்ஸில் ஆப்ஸ், சஃபாரி, அட்வான்ஸ்டு, வெப்சைட் டேட்டா என்ற வழியில் போகலாம்.

4. எல்லாக் குக்கீகளையும் அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம் இருந்தால் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் மேம்பாடுகள்

பல தளங்களில் நம்மைப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை சஃபாரி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல், ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பதை வழக்கமாக்கியது. லாகின் குக்கீயை அந்தந்தக் கருவியோடு கட்டிப்போடும் திட்டத்தை கூகுள் 2024-இல் அறிவித்தது. இது முழுமையாகப் பரவினால், குக்கீயைத் திருடி வேறு கணினியில் போட்டாலும் அது சீக்கிரமே செல்லாமல் போகும்.

ஆனால், அதே கணினியில் அடுத்து உட்காருபவரை இந்த ஏற்பாடு தடுக்காது. அதனால் எழுந்திருக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்: லாக்-அவுட் பண்ணிட்டீங்களா?