விரிசல் எங்கே விழும்?

அன்புள்ள தம்பிக்கு,

திண்டிவனத்திலிருந்து வந்த உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. கணினியில் காங்கிரீட் பீம் ஒன்றை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, பாரம் ஏற்றியிருக்கிறீர்கள். கட்டத்தைப் பாதியாக்கினால் பீம் சீக்கிரம் உடைகிறது. மறுபடி பாதியாக்கினால் இன்னும் சீக்கிரம். எந்த விடை சரி என்று கேட்கிறீர்கள். மூன்றுமே தப்பாக இருக்கலாம்.

விரிசல் விழும்வரை கணக்கு சுலபம். எம்25 காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 விதிநூலின் சூத்திரப்படி வளைவில் தாங்கும் இழுதகைவு 3.5 மெகாபாஸ்கல், மீள்மைக் குணகம் 25,000 மெகாபாஸ்கல். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 0.14 மில்லிமீட்டர் நீண்டாலே வெடிப்பு ஆரம்பம். இரண்டு தலைமுடிப் பருமன்தான்! அதுவரை கணினி சமர்த்துப் பிள்ளை.

அதற்கப்புறம்தான் வம்பு. 1967இல் நோ, ஸ்கார்டெலிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கட்டங்களின் ஓரத்தைப் பிளந்து விரிசலைக் காட்டினார்கள். மறு வருஷம் ரஷீத் அதைக் கட்டம் முழுக்கப் பூசிவிட்டார். உங்கள் மென்பொருள் செய்வதும் அநேகமாக இந்தப் பூச்சு வேலைதான். அதில் ஒரு கோளாறு: விரிசல் ஒற்றைக் கட்ட அகலத்துக்குள் ஒடுங்கிவிடும். கட்டம் சிறுக்கச் சிறுக்க, உடைக்கத் தேவையான ஆற்றலும் பூஜ்யத்தை நோக்கிப் போகும். நிஜக் காங்கிரீட் அப்படி ஏமாறாது. ஒரு சதுர மீட்டர் பிளக்க ஏறக்குறைய 100 ஜூல் கேட்கும், நீங்கள் எத்தனை கட்டம் போட்டாலும். 1976இல் ஹில்லர்போர்க் குழுவினர் இந்த ஆற்றலைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1983இல் பஜான்ட் கட்ட அகலத்தை அதோடு கட்டிப்போட்டார். உங்கள் மென்பொருளில் அந்த ஆற்றலைக் கொடுத்தீர்களா, அல்லது தகைவு–திரிபு வளைவை மட்டும் கொடுத்துவிட்டீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, தாங்கிகளைப் பற்றி. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தளவானூர் மறக்காது. தென்பெண்ணையில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணையை 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஏனாதிரிமங்கலம் கரைப்பக்கச் சுவர் உடைந்தது. நவம்பர் வெள்ளத்தில் மேலும் சேதம். அதற்கு யார் காரணம் என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. ஆனால் ஆற்றுக்குள் நிற்கும் எதற்கும் காங்கிரீட்டுக்கு முன்னால் அடிமணல் போய்விடலாம். நாமோ திரையில் ஒரு முக்கோணம் வரைந்து ‘அசையாத தாங்கி’ என்று எழுதிவிடுகிறோம். அசையாது என்று யார் சொன்னது? நாம்தான். அந்த முக்கோணத்தின் கீழே ஓடும் தண்ணீர், நீங்கள் சொல்லாதவரை கணினிக்குத் தெரியாது.

முன்பு சொன்ன பிளவு ஆற்றலை நீங்களே அளக்க, கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சிறு பீமின் அடியில் ரம்பத்தால் வெட்டுக் கொடுத்து, மெதுவாக உடைத்துப் பாருங்கள். பாரத்துக்கும் தொய்வுக்குமான கோடு உச்சியைத் தாண்டி எப்படி இறங்குகிறது என்பதுதான் முக்கியம். அந்த வாலில்தான் ஆற்றலின் பெரும்பகுதி இருக்கிறது. அவசரப்பட்டு ஏற்றினால் பீம் படாரென்று போய்விடும், வால் கிடைக்காது.

அடுத்த கடிதத்தில் அந்தக் கோட்டையும் வைத்து அனுப்புங்கள். கட்டத்தின் அளவை எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்.