வயிற்றுப் பூச்சியும் எதிர்ப்புச் சக்தியும்

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறகேன் இரத்தம் எடுக்கினம்?" புதிதாக வந்த பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது.

வைத்தியர் தேடுவதில் ஒன்று ஸ்ரோங்கிலோயிடெஸ் என்ற சிறு புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலூடாக உள்ளே போகும். இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, இந்தோனேசியா என்று நாங்கள் இருந்த, கடந்து வந்த இடங்களில் இது உண்டு. குடலுக்குள்ளேயே பெருகுவதால் தானாகப் போகாது. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா ரயில் பாதையில் கைதிகளாக வேலை செய்த அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் சிலரில் 30 வருடங்களுக்குப் பிறகும் இந்தப் புழு இருந்தது.

எதிர்ப்புச் சக்திக்கு என்ன நடக்கிறது?

புழுவை எதிர்க்க உடம்பு ஒரு வகைப் படையை அனுப்பும்; மலேரியா, காசநோய்க் கிருமிகளை எதிர்க்க வேறு வகை. நெடுநாள் தங்கும் புழு, தான் தப்புவதற்காக இந்த எதிர்ப்பை அடக்கி வைக்கும். அதனால் மற்றக் கிருமிகளுக்கு எதிரான பலமும் குறையலாம். ஆபிரிக்காவின் மாலி நாட்டில், பைலேரியாப் புழு உள்ளவர்களிடம் மலேரியாவுக்கு எதிரான எதிர்ப்பு மாறியிருந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளிலும் ஸ்ரோங்கிலோயிடெஸ் புழு காசநோய்க்கு எதிரான எதிர்ப்பை மாற்றுவது தெரிந்தது. புழு இருந்தால் காசநோய் வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம்.

பெரிய ஆபத்து எது?

தொய்வு, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசை கொடுப்பார்கள். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அப்போது புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடற் கிருமிகளையும் காவிக்கொண்டு நுரையீரல், இரத்தம் எங்கும் பரவலாம். இது உயிரையே எடுக்கும். ஆகவே அந்தக் குளிசை தொடங்க முன் "எனக்குப் புழுப் பரிசோதனை செய்தாச்சா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மலப் பரிசோதனையில் மட்டும் இது தப்பிவிடலாம்.

2. கடையில் வாங்கும் சாதாரண பூச்சிக் குளிசை இதற்குப் போதாது. வைத்தியர் ஐவர்மெக்டின் தருவார்; வழக்கமாக ஒன்று, இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை. இரண்டாம் தடவையையும் மறக்காமல் எடுங்கள். கர்ப்பிணி என்றால் முதலே சொல்லுங்கள்.

3. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தொலைபேசிச் சேவை இலக்கம் 131 450. அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

4. மெடிகெயார் அட்டை இல்லையா? அதற்காக இருந்துவிடாதீர்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் அகதிகள் சுகாதார சேவையிடமும், மெல்பேர்ணில் ஃபுட்ஸ்கிரேயில் உள்ள அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்ரரிலும் விசாரியுங்கள்.

பூச்சி இருப்பது வெட்கப்படும் விசயமில்லை. கண்டுபிடித்தால் சுகமாக்கலாம்.