எந்த ஹார்மோனுக்கு எந்த நேரம்?

சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ உறவுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒருவர் பையிலாவது அதற்கான தைராக்சின் மாத்திரை இருக்கிறது. கூடவே ஒரு நம்பிக்கையும்: "தைராய்டு விடியற்காலையில்தான் சுரக்கும்; மாத்திரையை அப்போது போட்டால்தான் பலிக்கும்."

அப்படி இல்லை. தைராக்சின் உடலில் நிதானமாகத் தீர்கிற சரக்கு. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். உச்சத்தைத் தொடுவதும் நாம் தூங்கும் நேரத்தில்தான். டாக்டர் காலையில் போடச் சொல்வது வயிறு காலியாக இருக்கும் என்பதற்காக.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. மாத்திரையை விழுங்கிய கையோடு டிகாக்‌ஷன் காபி குடித்தால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று டோஸைக் கூட்டுவார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது காபி நேரமாக இருக்கலாம். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலைக் காபியைத் தள்ளிப்போடவே முடியாதவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நெதர்லாந்தில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுக்கும் நேரத்தில் போட்டபோது ரத்த அளவுகள் காலையைவிட மேம்பட்டிருந்தன.

"அப்படியானால் எந்த ஹார்மோனையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. இதுதான் என்னை உண்மையில் கவலைப்பட வைக்கிறது.

அட்ரினல் சுரப்பி பழுதாகி, அது சுரக்கும் கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. நம் நாட்டில் அந்தப் பழுதுக்குக் காசநோயும் ஒரு காரணம். இவர்களுக்கு மணிதான் மருந்தின் பாதி. இயல்பான உடலில் கார்டிசால் விடியுமுன்பே ஏறத் தொடங்கி, எழும் வேளையில் உச்சத்துக்கு வந்து, நள்ளிரவில் அடிமட்டத்தில் கிடக்கும். மாத்திரையோ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராமை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, பெரும்பங்கைக் கண்விழித்ததும் கொடுக்கிறார்கள். கடைசி வேளையைப் படுக்கைக்குப் பல மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்; ராத்திரியில் போட்டால் தூக்கம் கெடும். தரமணியில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு 'காலை' என்பது அவர் தூங்கி எழும் நேரம். ஷிப்டு மாறினால் டாக்டரிடம் சொல்லி வேளைகளையும் மாற்றியாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் விடியலுக்கு முந்தைய அந்த ஏற்றத்தைச் சாதாரண மாத்திரையால் கொண்டுவர முடியாது. இரவில் விழுங்கினால் மெல்ல வெளிப்படும் கேப்ஸ்யூல் ஒன்றுக்கு, பிறவி அட்ரினல் கோளாறுள்ளவர்களுக்காக, ஐரோப்பாவில் 2021-இல் அனுமதி கிடைத்தது.

மூன்றாவது நம்பிக்கை உயிருக்கே ஆபத்து: "காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, இன்றைக்கு ஸ்டீராய்டு வேண்டாம்." ஏகாதசி விரதத்துக்கும் இதையே சொல்பவர்கள் உண்டு. நல்ல அட்ரினல் காய்ச்சல் வந்தால் கார்டிசாலைக் கூட்டிச் சுரக்கும். பழுதான சுரப்பிக்கு அது முடியாது; அந்தக் கூடுதலை மாத்திரைதான் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அன்றைக்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ எடுக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால், பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி மருந்தை வீட்டில் வைத்திருந்து, போடத் தெரிந்த ஒருவரையாவது இப்போதே பழக்கி வையுங்கள்.